அஞ்சுல ஒண்ணு வில்பர்ட்

காலை எட்டேகாலுக்கு வில்பர்ட் பர்டி ஒரு கோப்பை, ஒரு தட்டு, ஒரு கரண்டி மூன்றையும் கழுவி, தெருவைப் பார்த்த சமையலறை ஜன்னல் மேடையில் காயவைப்பார். போகிற வருகிறவர்கள் கண்ணில் படும்படி கொஞ்சம் இடைவெளி விட்டு வைப்பார். இரண்டாவது கோப்பையையும் இரண்டாவது தட்டையும் ஈரம் போகத் துடைத்து அலமாரியின் பின்வரிசையில் சொருகிவிடுவார். பிறகு வாசலுக்கு வந்து, நடைபாதையில் நின்று, தன் ஜன்னலைத் தானே எட்டிப் பார்ப்பார். ஒற்றையாள் வீடுதான் என்று மனசு ஒப்பிய பிறகுதான் உள்ளே போவார்.

இரண்டாவது கோப்பை அவருடைய தங்கை மேவிஸுடையது. இரண்டரை வருடம் அந்த வீட்டில் உண்டு, உறங்கி, அண்ணனுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள். வில்பர்ட்டின் கணக்குப்படி அவள் அங்கே குடியிருக்கவே இல்லை.

எழுபது வயது தாண்டி ஒற்றையாளாகக் குடியிருப்பவருக்கு எங்கள் ஊரில் வீட்டுவரியில் ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி. பெல்ஃபாஸ்ட்டில் மலைமேல் உட்கார்ந்திருக்கிற எங்கள் வட அயர்லாந்துச் சட்டசபை கொடுக்கிற சலுகை. இன்னொருவர் கூடக் குடிவந்துவிட்டால் அது போய்விடும். சலுகை என்ற சொல்லை வில்பர்ட் பயன்படுத்துவதில்லை. "என் அஞ்சுல ஒண்ணு" என்பார். பெற்ற பிள்ளையைச் சொல்கிற மாதிரி சொல்வார். மூன்று வாரம் சேர்த்தால் ஒரு பொட்டலம் மீனும் சிப்ஸும் வாங்கலாம், அவ்வளவுதான் அந்தப் பிள்ளை.

வயது எழுபத்தாறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்தில் காவல்காரராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மில் வரிசைத் தெருவில் சிவப்புச் செங்கல் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவர். பதினாறு வருடமாக அவருடைய தும்மல் முதற்கொண்டு எனக்குத் தெரியும். சலுகை வழங்கிய கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோட்டின் உள்பையில் வைத்திருப்பார். பேச்சுவாக்கில் யாராவது அரசாங்கம் என்று சொன்னால் போதும், கை தன்னால் அந்தப் பைக்குப் போய்த் தொட்டுப்பார்த்துவிட்டு வரும்.

இலவசம் எதையும் விடமாட்டார். அறுபது தாண்டியவர்களுக்கு பஸ் இலவசம் என்பதால், குளிர்காலத்தில் வீட்டில் கணப்பு மூட்டாமல் நாள் முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்திருப்பார். கடற்கரை வரை போவார், இறங்கமாட்டார், அதே பஸ்ஸில் திரும்புவார். "கடல் எங்க போயிடப் போவுது? பஸ்ஸுல சூடு நல்லாருக்கு" என்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் உபசரணை குழாய்த் தண்ணீர்தான். கண்ணாடி டம்ளர் வழியப் பிடித்து நீட்டுவார். "குடிங்க, குடிங்க. இங்கிலாந்துல இதுக்கு மீட்டர் வச்சிருக்கான். நம்ம ஊருல தண்ணிக்குன்னு தனியா ஒரு பென்னி கட்டறதில்ல." வந்தவர் தேநீருக்கு ஆசைப்பட்டு வந்திருந்தால் அவர் தலையெழுத்து.

எங்கள் சபையைப் பற்றியும் அவருக்குத் திட்டமான கருத்து உண்டு. பிரிட்டனோடு இருக்கச் சொல்கிற பக்கம், அயர்லாந்தோடு சேரச் சொல்கிற பக்கம் என்று இரண்டு பக்கத்துக்கும் சண்டை வந்து சபை வருடக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது ஊரே வயிறெரிந்தது. ஆஸ்பத்திரியில் வரிசை நீள்கிறது, பள்ளிக்கூடக் கூரை ஒழுகுகிறது, கேட்க நாதியில்லை. வில்பர்ட் முதல் ஒரு மாதம் பயந்துபோய் திரிந்தார். அடுத்த வருட வரிச்சீட்டு வந்தது. அதில் அவருடைய அஞ்சில் ஒன்று பத்திரமாகக் கழிக்கப்பட்டிருந்தது. அன்றிலிருந்து என்னிடம் பேசுகிற பேச்சே மாறிவிட்டது.

"பூட்டியே கெடக்கட்டும், மிசஸ் க்ரீர். உள்ள ஆளுங்க வந்தா சும்மா இருப்பாங்களா? எதையாவது மாத்துவாங்க."

மேவிஸின் புருஷன் ஒரு பண்ணையில் மாடு பார்த்துக்கொண்டிருந்தவர். வீடு வேலையோடு சேர்ந்த வீடு. மனிதர் இறந்த ஆறாவது வாரம் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பிள்ளை குட்டி கிடையாது. அறுபத்தேழு வயதில் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வாசலில் வந்து நின்றாள். வில்பர்ட் கதவைத் திறந்தார் என்பதை நான் மறுக்கவில்லை. மழை அப்படிப் பெய்துகொண்டிருந்தது.

உள்ளே விட்டவர் மறுநாளே சட்டம் போட்டார். பெட்டி மாடிக்குப் போகக்கூடாது, படிக்கட்டின் அடியில் கிளம்பத் தயாராக நிற்க வேண்டும். கோட்டைக் கொக்கியில் மாட்டக்கூடாது, நாற்காலிக் கையில் போட்டிருக்க வேண்டும். வீட்டுச் செருப்பு கூடாது. பல் துலக்கும் பிரஷ் அவளுடைய கைப்பையில். துணியைக் கொல்லைக் கொடியில் காயப்போட்டால் பெண்பிள்ளைத் துணி என்று தெரிந்துவிடுமாம், அதனால் குளியலறைக்குள் தொங்கும். சுவரெல்லாம் ஈரம் பூத்தது, மேவிஸுக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவளுடைய குப்பை அவருடைய குப்பைத் தொட்டியில் விழக்கூடாது. ஒற்றையாள் இவ்வளவு குப்பை போடுவானா என்று எவனாவது கிண்டிப் பார்த்தால்? அவள் குடித்த தேயிலைப் பையையும் அவள் உரித்த ஆரஞ்சுத் தோலையும் ஒரு காகிதப் பையில் கட்டி, வாரம் இரண்டு முறை பூங்காவில் இருக்கிற பொதுத் தொட்டியில் கொண்டுபோய்ப் போடுவாள். சோதனைக்கு வரி ஆபீஸிலிருந்து ஒரு ஈ காக்காகூட அந்தத் தெருவுக்கு வந்ததில்லை.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை, கேட்டேவிட்டேன்.

"ஏங்க, அவங்க உங்க வீட்லதானே குடியிருக்காங்க? ரெண்டு வருஷம் தாண்டிடுச்சே."

"குடியிருக்கறது வேற, தங்கறது வேற, மிசஸ் க்ரீர். அவ தங்குறா."

"எத்தன நாளைக்குத் தங்குவாங்க?"

"அது அவ இஷ்டம். நான் என்ன போகச் சொன்னேனா?"

அந்த முகத்தில் ஒரு பெருந்தன்மை வேறு. எனக்கு அங்கேயே தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மேவிஸிடம் தனியாகச் சொன்னேன், நான் வேண்டுமானால் வரி ஆபீசுக்கு எழுதிப்போடுகிறேன், ஒரு பங்கு போனால் போகட்டும், நீ மனுஷியாக இருக்கலாம் என்று. அவள் பதறிப்போனாள்.

"வேணாம், ஹில்டா. அது போச்சுன்னா அவன் என்னப் போகச் சொல்லிடுவான். எனக்கு வேற எடம் இல்ல. கோட்ட நாற்காலில போட்டா என்ன, கொக்கியில போட்டா என்ன? கூரை இருக்கில்ல?"

வாயைப் பொத்திக்கொண்டு இருந்துவிட்டேன். இன்றைக்கும் அது எனக்கு உறுத்தல்தான்.

பிறகு சபைத் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் எவன் எந்தப் பக்கம் என்பது தொட்டிலிலேயே முடிவாகிவிடும். எங்கள் பக்கத்துக் கட்சிக்காக வீடு வீடாக வந்தவர் கிளிஃபர்ட் நெஸ்பிட். எந்த வீட்டில் எத்தனை தலை என்பது அந்தந்த வீட்டு அம்மாக்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். நான் என் வாசலில் இருந்ததால் முழுக்கக் கேட்டேன்.

"வில்பர்ட், பட்டியல்ல உங்க வீட்ல ஒரு ஓட்டுதான் இருக்கு. ரெண்டுல்ல இருக்கணும்?"

"ஒண்ணுதான்."

"தங்கச்சி மேவிஸ்?"

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து நெஞ்சைப் பிளக்கிற மாதிரி ஒரு இருமல்.

"ரேடியோ" என்றார் வில்பர்ட். "நாடகம் போட்டிருக்கான்."

கிளிஃபர்ட் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போன தடவ ஒம்பது ஓட்டுல எடத்த அவங்ககிட்டக் கோட்ட விட்டோம்யா. ஃபாரம் என்கிட்டயே இருக்கு. பேர மட்டும் எழுதிக் குடுங்க."

"பேர எழுதினா வரி ஆபீசுக்குத் தெரியும். என் அஞ்சுல ஒண்ணு போச்சுன்னா உங்க கட்சி குடுக்குமா?"

"இந்த எடம் போச்சுன்னா அந்தப் பக்கத்துக்காரன் வந்து உக்காந்துடுவான்."

"உக்காரட்டுமே. அவங்கள்லயும் தனியா இருக்கற கெழவனுங்க இருக்கானுங்கல்ல? அதுல கைவைக்க மாட்டான்."

கிளிஃபர்ட்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. இரண்டு பக்கத்தையும் இப்படிச் சமமாகப் பார்க்கிற பக்குவம், எங்கள் நாட்டில் சமாதானம் பேசப் போனவர்களுக்கே வாய்க்கவில்லை. வில்பர்ட் அதை ஒரு மீன் பொட்டலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு அடைந்துவிட்டார். போகும்போது கிளிஃபர்ட்டுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

மேவிஸை எங்கள் ஊர் டாக்டரிடமும் பதிய விடவில்லை, விலாசம் கொடுக்க வேண்டுமே. அந்த இருமலோடு இரண்டு பஸ் மாறி, பழைய கிராமத்து டாக்டரிடம் போய்வருவாள். பஸ் இலவசம்தானே என்பார் அண்ணன்.

ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை பின்சந்து முழுக்கக் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. அன்றைக்குக் குப்பை போடும் முறை. காகிதப் பையோடு கிளம்பியவள் சந்து முனையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது பனிமேல் தேயிலைப் பைகள் சிதறிக் கிடந்தன. வில்பர்ட் வந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தேயிலைப் பைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அந்த மனிதரை அன்றைக்கு நான் ஏன் அடிக்கவில்லை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாவது வாரம், ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் டிம்ப்னா என்ற சமூக சேவைப் பெண். கையில் ஒரு ஃபாரம், நல்ல சிரித்த முகம். மேவிஸ் கட்டிலில் சாய்ந்திருந்தாள். நானும் வில்பர்ட்டும் இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்கதான் அண்ணனா? இவங்க உங்க வீட்லதானே குடியிருக்காங்க? வீட்ல படி எத்தன, கீழ குளியலறை இருக்கா, அதெல்லாம் கேக்கணும். வேணும்னா கட்டித் தர ஏற்பாடு பண்ணலாம்."

மேவிஸ் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் வீட்டுக்குப் போகலாம். வில்பர்ட்டின் கை கோட்டுப் பைக்குப் போனது.

"இல்லம்மா. அவ வந்து போறவ. நான் தனியாதான் இருக்கேன்."

டிம்ப்னாவின் பேனா நின்றது. "அப்ப இவங்க வீடு எது?"

"அத அவகிட்டதான் கேக்கணும்."

நான் எழுந்துவிட்டேன். "வாய் கூசாம சொல்றார் பாரு! ரெண்டரை வருஷமா..." என்று ஆரம்பித்தேன். மேவிஸ் என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவ்வளவு பலம் அவளிடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"விடு, ஹில்டா. அவன் வாயால சொல்லட்டும்னுதான் இருந்தேன்." பிறகு டிம்ப்னாவிடம் திரும்பி, வானிலை சொல்கிற குரலில் சொன்னாள்: "எனக்கு வீடு இல்லம்மா. அப்படியே எழுதிக்கோ."

வீடில்லாதவர் என்று எழுதியதும் வேறு கணக்கு நடந்தது. எங்கள் நாட்டில் அரசு வீட்டுக்கு வரிசை புள்ளிக்கணக்குப்படிதான் நகரும். வீடே இல்லாதவருக்குப் புள்ளி அதிகம், இடுப்பு ஒடிந்தவருக்கு இன்னும் அதிகம். ஏழு வாரத்தில், ஊரின் அந்தக் கோடியில் முதியவர்களுக்கென்று கட்டியிருக்கிற சின்ன வீடுகளில் ஒன்று மேவிஸுக்குக் கிடைத்தது. இதற்கு நடுவில் வில்பர்ட் ஒரே ஒரு முறைதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். மேவிஸின் பெட்டியை பஸ்ஸில் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலடியில் வைத்துவிட்டு வந்தார். "என் வீட்ல கெடந்தா யாராவது தப்பா நெனப்பாங்க" என்று எனக்கு விளக்கமும் சொன்னார்.

அதன் பிறகு மனிதர் நிம்மதியாகத்தான் இருந்தார். தானே சமைத்தார், அதாவது ரொட்டியும் வெண்ணெயும் தின்றார். உடம்பு இளைத்தது. சட்டை கசங்கியே இருந்தது. மேவிஸைப் பற்றிக் கேட்டால் "நல்லாதான் இருப்பா, அரசாங்கம் பாத்துக்குது" என்பார்.

ஆகஸ்ட் மாதம் கடற்கரை பஸ்ஸில் யாரோ ஒருவர், மனைவி சக்கர நாற்காலியில் இருப்பவர், வில்பர்ட்டிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். உடல் முடியாதவர் குடியிருக்கிற வீட்டில், அவருக்கென்று கீழே குளியலறை மாதிரி ஏதாவது கட்டியிருந்தால், வீட்டுவரியில் நாலில் ஒரு பங்கு கழிப்பார்களாம். பதினாறு வருடத்தில் முதல்முறையாக வில்பர்ட் என் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது.

"நாலுல ஒண்ணு, மிசஸ் க்ரீர். நாலுல ஒண்ணு! அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரில இத ஏன் தெளிவா சொல்லல?"

"கட்டித் தரலாம்னு சொன்னாளே."

"கட்டறதத்தான சொன்னா. கழிக்கறதச் சொல்லலையே." கையில் சலுகை ஃபாரம் இருந்தது. "என்னய மேவிஸ் வீட்டுக்கு வண்டியில கூட்டிட்டுப் போறீங்களா? அந்தப் பக்கம் ஞாயித்துக்கிழம பஸ் கெடையாது."

போனேன். அவருக்காக இல்லை, மேவிஸ் என்ன சொல்கிறாள் என்று பார்க்க. வண்டியில் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். குளியலறைக்கு மானியம் உண்டு, அவள் கீழ் அறையிலேயே படுத்துக்கொள்ளலாம், பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு வருடமாக இடது முட்டி தகராறு. ஊன்றுகோல்காரர்களுக்குச் சரிவுப் பாதை பின்பக்கம், தெருப்பக்கம் நாலு படி; அதில் ஏற நான் கைத்தடியோடு திணறிக்கொண்டிருந்தேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.

மேவிஸ் வீட்டுச் செருப்போடு வந்து வரவேற்றாள். ஊன்றுகோல் இருந்தது, இருமல் இல்லை. கொல்லைக் கொடியில் அவளுடைய துணிகள் பகிரங்கமாக ஆடிக்கொண்டிருந்தன. தேநீர் போட்டாள், அவளே சுட்ட சோடா ரொட்டியை வெட்டி வெண்ணெய் தடவி வைத்தாள். வில்பர்ட் நாலு துண்டு தின்றார். ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு ஃபாரத்தை மேசைமேல் விரித்தார்.

"நீ இங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். என்னோட குடியிருக்கேன்னு. எல்லாம் நானே எழுதிட்டேன்."

மேவிஸ் மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள். அவசரமே இல்லை.

"இதுல எங்க குடியிருக்கேன்னு கேட்டிருக்கு, வில்பர்ட்."

"ஆமா. மில் வரிசைன்னு போட்டிருக்கேன் பாரு."

"நான் அங்க குடியிருக்கலையே. நீதான சொன்ன?"

"அது அப்ப."

"எல்லாருக்கும் முன்னால சொன்ன. அந்தப் பொண்ணு எழுதிக்கிட்டா. எனக்கு வீடு கெடச்சுது." ஃபாரத்தை அவர் பக்கம் தள்ளினாள். "அன்னிக்கு நீ ஆமான்னு சொல்லியிருந்தா, நான் சாகற வரைக்கும் குப்பையத் தூக்கிட்டு நடந்திருப்பேன். உன்ன விட்டு வரணும்னு எனக்குத் தோணியே இருக்காது. அதுதான் எனக்கு இப்ப பயமா இருக்கு."

வில்பர்ட் அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. "இது நாலுல ஒண்ணு, மேவிஸ்" என்றார் மறுபடி, ஏதோ அவளுக்குக் கணக்கு விளங்கவில்லை என்பதுபோல.

"எனக்கு அஞ்சுல ஒண்ணு வருது. மார்ச்சுல எழுபது முடிஞ்சுதுல்ல? தனியா இருக்கேன்."

"உனக்கா?" என்றார் வில்பர்ட். அன்று அவர் குரலில் முதல்முறையாக மரியாதை கேட்டது.

மேவிஸ் தேநீர்க் கெண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் பின்னால் போகப் பார்த்தேன், வேண்டாம் என்று தலையசைத்தாள். வில்பர்ட் ஃபாரத்தை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேவிஸின் பெயரைப் பென்சிலில் எழுதியிருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ரப்பரை எடுத்து, தாள் கிழியாமல், எழுத்தெழுத்தாக அழித்தார். துகளை அவள் கம்பளத்தின்மேல் ஊதிவிட்டார். ஃபாரத்தை மடித்து உள்பையில் வைத்தார்.

விடைபெற்று வெளியே வந்தோம். படி இறங்கப் போன என் முழங்கையை ஒரு கை மெதுவாகத் தாங்கியது. பார்த்தால் வில்பர்ட். ஒவ்வொரு படியாக என்னை இறக்கிவிட்டு, கடைசிப் படியில் குனிந்து, என் இடது காலை அக்கறையோடு பார்த்தார்.

"முட்டி எப்படி இருக்கு, மிசஸ் க்ரீர்? மாடி ஏற ரொம்பக் கஷ்டமா இருக்குமே?"